விண்டோஸ் 10-இல் நீடிப்பதா, விண்டோஸ் 11-க்கு மாறுவதா?

விண்டோஸ் 11 நிறுவப்பட்ட கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து பதிப்பு எண்ணைக் கேட்டால், விடை 10.0 என்றே தொடங்கும். அதைத் தொடர்ந்து வரும் எண் 22000 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருப்பதைக் கொண்டுதான் அது விண்டோஸ் 11 என்று அறிய முடியும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் அதே இடத்தில் 19045 என்று இருக்கும். 2015 ஜூலை 29 அன்று வந்த விண்டோஸ் 10-உம் 2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11-உம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை மைக்ரோசாஃப்ட் மறைக்கவில்லை. ஒன்றில் ஓடும் மென்பொருள்களில் பெரும்பாலானவை மற்றொன்றிலும் எந்தத் தடையுமின்றி ஓடும். அப்படியிருந்தும் இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பது முன்பு எக்ஸ்பி-யா 7-ஆ என்று கேட்ட காலத்தைக் காட்டிலும் சிக்கலாக இருப்பதற்குக் காரணம், இம்முறை நம் விருப்பத்தைக் கேட்பதற்கு முன்பே நம் கணினியின் வயதைக் கேட்கிறார்கள் என்பதுதான்.

முதலில் காலக்கணக்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றால் அன்றிரவே கணினிகள் நின்றுபோயின என்று பொருளல்ல. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் மாதாந்தரப் புதுப்பிப்புகள் இனி இயல்பாக வாரா என்பதே பொருள். தனிப்பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்று தரப்பட்டது. அதில் சேர 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி மூன்றாண்டுகள் வரை நீட்டித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-க்கு இப்படி ஒற்றை முடிவுத் தேதி இல்லை. ஆண்டுக்கொரு பதிப்பு வருகிறது. ஹோம், புரோ ஆகியவற்றில் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதங்கள் ஆதரவு உண்டு. ஆகவே விண்டோஸ் 11-க்கு மாறுகிறவர் ஓடிக்கொண்டேயிருக்கும் ஒரு வண்டியில் ஏறுகிறார் என்பதையும், இரண்டாண்டுகள் புதுப்பிக்காமல் விட்டால் அவரும் விண்டோஸ் 10 பயனரின் நிலைக்கே வந்துவிடுவார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆதரவு முடிந்தால் என்னதான் ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2017-இல் நடந்ததைச் சொல்லலாம். அவ்வாண்டு மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாகிரை என்னும் தீநிரல், கணினிகளின் கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணயத்தொகை கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. 2014-லேயே ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பி-க்கு அத்திருத்தம் அப்போது வரவில்லை. தாக்குதலுக்குப் பிறகுதான் விதிவிலக்காக வழங்கப்பட்டது. ஆனால் இந்நிகழ்வைச் சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு: பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி கணினிகள் அல்ல, ஆதரவில் இருந்தும் திருத்தத்தை நிறுவாமல் விடப்பட்ட விண்டோஸ் 7 கணினிகள். ஆகவே இயங்குதளம் பழையதா புதியதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்குத் திருத்தம் வருகிறதா, வந்ததை நாம் நிறுவுகிறோமா என்றும் சேர்த்தே பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-ஐ நிறுவிவிட்டுப் புதுப்பிப்புகளை நிறுத்தி வைத்திருப்பவர், நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் விண்டோஸ் 10 பயனரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி வன்பொருள். இந்த ஒப்பீட்டில் மிகுந்த மனக்கசப்பை உண்டாக்கிய பகுதி இதுதான். விண்டோஸ் 10-க்கு 1 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரும், 32 பிட் பதிப்பானால் 1 ஜி.பி., 64 பிட் பதிப்பானால் 2 ஜி.பி. ரேமும் போதும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும்தான், இது பெரிய சுமையன்று. தடை வேறிடத்தில் இருக்கிறது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல் பழைய பயோஸ் முறையில் அல்லாமல் புதிய யு.இ.எஃப்.ஐ. முறையில் இருந்து, நம்பத்தக்க நிரல்களை மட்டுமே தொடங்க விடும் செக்யூர் பூட் வசதிக்கு இடமளிக்க வேண்டும். ப்ராசஸர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல்லானால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாகவும், ஏ.எம்.டி.யானால் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தையதாகவும் இருக்க வேண்டும். இதனால் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும், 16 ஜி.பி. ரேம் கொண்ட ஆறாம் தலைமுறைக் கணினி வாயிலிலேயே நிறுத்தப்படுகிறது, 4 ஜி.பி. ரேமுடன் திணறும் புதிய மலிவுக் கணினியோ உள்ளே அனுமதிக்கப்படுகிறது.

இக்கோட்டை இங்கே போட்டதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் நுழையும் ஒவ்வொரு நிரல்துண்டும் நம்பத்தக்கதுதானா என்பதை, இயங்குதளத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்ட மெய்நிகர் அறை ஒன்றில் இருந்தபடி சோதிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அமைப்புகளில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பெயரில் அது காணப்படும். விண்டோஸ் 10-லும் இருந்த இவ்வசதி, விண்டோஸ் 11-உடன் வரும் புதிய கணினிகளில் இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. இச்சோதனையை விரைவாகச் செய்வதற்கான வன்பொருள் வசதி இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலும், ஏ.எம்.டி.யில் ஸென் 2 வடிவமைப்பிலும்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் அதை மென்பொருளால் பாவனை செய்ய வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. ஆனால் இந்த நியாயத்தை அப்படியே ஏற்றாலும் கணக்கு நேராகவில்லை. வசதி உள்ள ஏழாம் தலைமுறையில் ஏறத்தாழ எல்லாவற்றையும் வெளியே நிறுத்திவிட்டு, வசதி இல்லாத ரைசன் 2000 வரிசையை உள்ளே அனுமதித்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஒரு காரணம். பழைய கணினிகளுக்கான ஆதரவுச் சுமையைக் குறைத்துக்கொள்வது மற்றொரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

தகுதியில்லை என்ற அறிவிப்பைக் கண்டவுடன் நம்பிக்கை இழக்கவும் வேண்டியதில்லை. எட்டாம் தலைமுறையைச் சேர்ந்த பல கணினிகளில் டி.பி.எம். தனிச் சில்லாக இல்லாமல் ப்ராசஸருடன் இணைந்த வடிவில் இருக்கிறது. அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதே சிக்கலாக இருக்கும். பயோஸ் அமைப்புகளில் இன்டெல்லானால் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி.யானால் எஃப்.டி.பி.எம். என்றும் இருப்பதை இயக்கிவிட்டால் தடை நீங்கிவிடக்கூடும். வன்தட்டு பழைய எம்.பி.ஆர். முறையில் பகுக்கப்பட்டிருந்தால், அதை யு.இ.எஃப்.ஐ.க்குத் தேவையான ஜி.பி.டி. முறைக்கு மாற்றும் கருவி 2017 முதல் விண்டோஸ் 10-உடனேயே வருகிறது. கோப்புகளை அழிக்காமல் மாற்றும் என்றாலும், படி எடுத்து வைக்காமல் அதைத் தொடுவது அறிவுடைமை ஆகாது.

தகுதியில்லாத கணினியில் தடையைச் சுற்றிக்கொண்டு நிறுவும் வழிகளும் உண்டு. அவை வேலை செய்யும். ஆனால் அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, குறிப்பிட்ட சில கட்டளைகளை அறியாத மிகப் பழைய ப்ராசஸர்களில் தொடங்கவே மறுத்தது. அதற்கு முந்தைய பதிப்பு அதே கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஆதரவு வேண்டும் என்பதற்காகவே மாறுகிறோம் என்னும்போது, ஆதரவுக்கு உறுதியில்லாத வழியில் மாறுவதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. சோதித்துப் பார்க்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. அன்றாட வேலை நடக்கும் கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முகத்தோற்றத்தைப் பற்றித்தான் மிகுதியாக வாதிடுகிறார்கள். எனக்கோ அது மிகச் சிறிய வேறுபாடாகவே தோன்றுகிறது. விண்டோஸ் 11 வெளிவந்தபோது பணிப்பட்டையைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ வைக்க முடியாமல் போனது. அவ்வசதி பல ஆண்டுகளாகத் திரும்பவில்லை. கோப்பைப் பணிப்பட்டையில் உள்ள சின்னத்தின் மேல் இழுத்து விடும் வசதி 2022-லும், திறந்திருக்கும் சாளரங்களைப் பெயருடன் தனித்தனியே காட்டும் வசதி 2023-லும் திரும்பின. வலச்சொடுக்குப் பட்டி இரண்டடுக்காகி, பழக்கப்பட்ட கட்டளைகள் உள்ளடுக்குக்குப் போய்விட்டன; ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் பழைய பட்டியே வரும். மறுபுறம், சாளரங்களைத் திரையில் பகுத்து அடுக்குவதற்கான ஆயத்த வடிவங்களைக் காட்டும் வசதியும், கோப்பு மேலாளரில் தத்தல்களும் (டேப்கள்) விண்டோஸ் 10-இல் இல்லாதவை. நாள் முழுவதும் நான்கைந்து கோப்புறைகளுக்கிடையே கோப்புகளை நகர்த்துகிறவருக்கு அந்தத் தத்தல்கள் மட்டுமே மாறுவதற்குப் போதிய காரணமாக அமையலாம். கண்ட்ரோல் பேனலும் அமைப்புகளும் இரண்டிலும் இன்னும் இரட்டை நிர்வாகமாகவே இருக்கின்றன. இவ்விஷயத்தில் எது மேல் என்று பேச ஒன்றுமில்லை.

கணக்கு விஷயத்தில் விண்டோஸ் 10-க்கே என் ஆதரவு. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்வது நீங்கலாக, அதில் கணினிக்குள் மட்டும் இருக்கும் உள்ளகக் கணக்கைக் கொண்டே எல்லாவற்றையும் நடத்திக்கொள்ளலாம். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு தொடக்கம் முதலே, நிறுவும்போது இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கிறது. 2022 முதல் புரோ பதிப்பும் தனிப்பயனரிடம் அதையே கேட்கிறது. இதைச் சுற்றிச் செல்ல உதவிய வழிகளும் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டு வருகின்றன. இது கொள்கைச் சிக்கல் மட்டுமன்று. 24எச்2 முதல், புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழையும்போது, பெரும்பாலான கணினிகளில் சேமிப்பகம் தானாகவே குறியாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்யப்படுகிறது. மடிக்கணினி திருட்டுப் போனால் கோப்புகள் அயலார் கைக்குப் போகாது என்பது இதன் நன்மை. ஆனால் பயோஸ் மாற்றத்திற்குப் பின்போ, தாய்ப்பலகை பழுதான பின்போ கணினி 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அக்குறியீடு அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். நிறுவும்போது அவசரத்தில் ஒரு கணக்கை உருவாக்கிக் கடவுச்சொல்லையும் மறந்துபோனவருக்குத் தம் கோப்புகளே எட்டாமல் போய்விடலாம். இப்படிக் குறியாக்கம் நடந்திருப்பதே அந்த நாள்வரை அவருக்குத் தெரிந்திராது என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

பழைய கருவிகளை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் மென்பொருள்கள் அதில் ஓடும். ஆனால் கருவிகளைக் கணினியுடன் இணைத்து இயக்கும் 32 பிட் டிரைவர்கள் ஓடா, 16 பிட் காலத்து நிரல்கள் அறவே ஓடா. என்னிடம் இருந்த பழைய ஸ்கேனர் ஒன்றுக்குத் தயாரிப்பாளர் 32 பிட் டிரைவரோடு நிறுத்திக்கொண்டதால், கணினியை மாற்றிய அன்றே அது வெறும் பெட்டியாகிவிட்டது. அதில் இயங்குதளத்தின் குற்றம் ஏதுமில்லை. முன்பே பார்த்திருக்க வேண்டியவன் நான். 64 பிட் விண்டோஸ் 10-இல் ஒரு கருவி ஓடுகிறதென்றால் விண்டோஸ் 11-லும் அது ஓடுவதற்கே வாய்ப்பு மிகுதி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இல்லாமல் திறக்காத பழைய அலுவலகத் தளங்களை எட்ஜ் உலாவிக்குள் இருக்கும் ஐ.இ. முறையில் திறந்துகொள்ளலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு வரம்பு உண்டு. இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து பல ப்ராசஸர்களில் வேகத்துக்கென சில கருக்களும் (கோர்கள்) மின்சிக்கனத்துக்கென சில கருக்களும் கலந்திருக்கின்றன. எந்த வேலையை எந்தக் கருவிடம் கொடுப்பது என்பதற்கு ப்ராசஸரே தரும் குறிப்புகளைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் விண்டோஸ் 11 அமைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு அந்த நுட்பம் முழுமையாகத் தெரியாது. ஆகவே புதிய கணினியை வாங்கி, பழக்கத்தின் காரணமாக அதில் விண்டோஸ் 10-ஐ நிறுவுவது, கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விடுவதற்குச் சமம்.

இவற்றையெல்லாம் வைத்து என் தேர்வைச் சொல்கிறேன். தகுதிச் சோதனையில் தேறும் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட வேண்டும். பணிப்பட்டையின் மீதுள்ள கோபம் அதைத் தள்ளிப்போடப் போதிய காரணமன்று. தேறாத கணினியில் வங்கி வேலையும் மின்னஞ்சலும் நடக்கின்றன என்றால், நீட்டிப்புத் திட்டத்தை மாற்று ஏற்பாட்டுக்கான அவகாசமாக மட்டுமே கொள்ள வேண்டும். அந்த அவகாசத்திற்குள் கணினியை மாற்றுவதோ லினக்ஸ் வகைகளில் ஒன்றுக்குச் செல்வதோ அவரவர் வசதியைப் பொறுத்தது. இணையத்தில் சேராமல் ஒரே ஓர் இயந்திரத்தை மட்டும் இயக்கிக்கொண்டிருக்கும் கணினியானால் விண்டோஸ் 10 அப்படியே இருக்கட்டும். வன்தட்டில் ஓடும் கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காக மாறுவதாக இருந்தால் இரண்டும் ஏமாற்றமே தரும். அங்கே மாற்ற வேண்டியது வன்தட்டை, எஸ்.எஸ்.டி.யாக.

உரிமம் பெற்ற விண்டோஸ் 10-இலிருந்து மாறுவதற்குத் தனி உரிமம் தேவையில்லை. கோப்புகளும் மென்பொருள்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். மாறிய பிறகு பத்து நாள்கள் வரை அமைப்புகள் வழியாகப் பழையதற்குத் திரும்ப முடியும்; அதன்பின் விண்டோஸ் பழைய இயங்குதளத்தின் கோப்புகளை அழித்துவிடும். இடம் போதவில்லை என்று வட்டைத் துப்புரவு செய்யும்போது நாமே அவற்றை முன்னதாக அழித்துவிடவும் கூடும். ஆகவே அந்தப் பத்து நாள்களுக்குள், மாதக் கடைசியில் மட்டும் திறக்கும் கணக்கு மென்பொருள், ஆண்டுக்கு இருமுறை பயன்படும் ஸ்கேனர், அலுவலகத்து வி.பி.என். இணைப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு, குறியாக்கம் செயல்பாட்டில் இருந்தால் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிக் கணினிக்கு வெளியே ஓரிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.