கல்லடி உப்புக்காற்றில் பழைய கம்பியூட்டர்: ரேம் கூட்டி மூன்று வருஷத்துக்குப் பிறகு

2012இல் வாங்கிய டெஸ்க்டொப் இது. இன்டெல் கோர் ஐ3-2120 புரோசசர், எச்61 மதர்போர்ட், 2 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் தரவை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) இரண்டு. மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைக்குக் கிட்டவுள்ள எங்கள் வீட்டு முன்னறையில் அன்றிலிருந்து ஓடுகிறது. கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணக் கார்ட், பள்ளிக்கூட மலர் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்து, போட்டோஷொப்பில் வடிவமைத்துக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில்.

2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியது. புதுக் கம்பியூட்டர் என்ற பேச்சையே வீட்டில் எடுக்க முடியாத நேரம். ஆனால் வேலை நகரவில்லை. ஏ3 அளவில் 300 டிபிஐ நோட்டீஸ் என்றால் ஒரு முழு லேயருக்கே (படத்தின் ஓர் அடுக்குக்கே) ஐம்பது எம்பிக்கு மேல் வேண்டும். அம்மன் படம், கோபுரம், பூ வேலைப்பாடு, எழுத்து என்று இருபது லேயர் போட்டால் ஒரு ஜிபி அதிலேயே போய்விடும். விண்டோஸ் 10 தனக்கென்று இரண்டு ஜிபி அளவில் எடுத்துக்கொள்கிறது. தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாததால் திரைக்கான பங்கும் இதே ரேமிலிருந்துதான். மிச்சத்துக்கு எங்கே போவது? ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதி வாசிக்கும். சிவப்பு லைட் அணையாமல் எரியும், மவுஸ் இழுபடும். டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தால் மெமரி 94 வீதம், டிஸ்க் 100 வீதம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. இந்த மெஷினுக்கு வயசு போகவில்லை, ரேம்தான் போதவில்லை.

ரேம் கூட்டும் முதல் முயற்சி சரிவரவில்லை. நகரில் ஒரு கடையில் மலிவாக 8 ஜிபி டிடிஆர்3 ரேம் துண்டு ஒன்று வாங்கி வந்து போட்டேன். திரை கறுப்பு, உள்ளே நீளமாக பீப் சத்தம். கழற்றி, மாற்றி, மதர்போர்டிலுள்ள சின்ன சிமோஸ் பற்றரியையும் எடுத்துப் போட்டும் பலனில்லை. ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். துண்டைத் திருப்பிப் பார்த்ததும், "அண்ணே, இது ஏஎம்டி போர்டுக்கு மட்டும் ஓடுற சாமான். இன்டெல்லுக்கு எடுக்காது. மறுகா மலிவெண்டு இத வாங்கிராதீங்க" என்றார். கடைக்காரர் காசைத் திருப்பித் தரவில்லை. மேலும் காசு கொடுத்து வேறு துண்டு மாற்றிக்கொண்டேன். அந்த ஒரு வாரம் நோட்டீஸ் வேலை இரண்டு கைவிட்டுப் போனது, இன்னும் வலிக்கிறது. பழைய இன்டெல் போர்ட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டே காசை நீட்டுங்கள்.

என் போர்டில் இரண்டு ஸ்லொட்தான், ஒவ்வொன்றுக்கும் 8 ஜிபி, மொத்தம் 16தான் எல்லை. முதலில் 8உம் பழைய 2உமாக ஓட்டினேன். அதுவே பெரிய ஆறுதல். ஆறு மாதம் கழித்து இன்னொரு 8 போட்டேன். துண்டில் 1600 என்று எழுதியிருந்தும் வேகம் 1333 என்றே காட்டியது. பயப்படத் தேவையில்லை, இந்த ஐ3 எடுக்கும் வேகமே அவ்வளவுதான். சோடி ஒரே அளவாக இருந்தால் இரண்டு ஸ்லொட்டும் சேர்ந்து வேலை செய்யும். கிராபிக்ஸும் ரேமிலேயே இருக்கும் மெஷினுக்கு அது நன்றாகவே தெரிகிறது. பெரிய படத்தை நகர்த்தும்போது முன்பு இருந்த வெட்டு வெட்டான ஓட்டம் குறைந்தது.

சரி, எது மாறவில்லை? சுவிட்ச் போட்டு வேலை தொடங்க முன்பு எவ்வளவு நேரமோ, அதே நேரம்தான். ரேம் அதைத் தொடவே இல்லை. அடுத்த வருஷம் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போட்ட பிறகுதான் அது தீர்ந்தது. தொடங்க நேரமெடுப்பது மட்டும்தான் உங்கள் குறை என்றால் ரேமுக்குக் காசைப் போடாதீர்கள். பல வேலை திறந்து வைத்தால் திணறுகிறது என்றால் ரேம்தான். இன்னொன்று, விண்டோஸ் 32 பிட் என்றால் எவ்வளவு போட்டாலும் நான்கு ஜிபிக்கு மேல் பயன்படாது. அதை முதலில் பாருங்கள்.

மூன்று வருஷத்தில் எனக்கு வந்த ஒரே தொல்லை நம் ஊர்க் காற்றால் வந்தது. கச்சான் வீசும் மாதங்களில் தூசு, மாரியில் ஈரம், வருஷம் முழுக்க உப்பு. 2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தபோது மெஷினைத் தூக்கி அலுமாரி மேல் வைத்துவிட்டோம், தண்ணீர் தொடவில்லை. ஆனால் கரண்ட் வந்து போட்டால் மறுபடியும் அந்த நீள பீப். என் நெஞ்சு பக்கென்றது. வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, கேசின் இரும்பைத் தொட்டுவிட்டு இரண்டு துண்டையும் கழற்றினேன். வெளிச்சத்தில் பிடித்தால் பொன் நிறக் கால்களின் மேல் மங்கலாக ஒரு படலம், ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். மகளின் வெள்ளை அழிரப்பரை எடுத்து நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் கறுத்தது, கால் மினுங்கியது. தூளைத் தூரிகையால் தட்டி, ஸ்லொட்டையும் துடைத்து, வெட்டுக்கு வெட்டு பொருத்தி இரண்டு பக்கமும் டக் என்று கேட்கும்வரை அழுத்தினேன். முதல் அமுக்கிலேயே திரை வந்தது. அன்று இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற மென்பொருளை பென் டிரைவிலிருந்து ஓட விட்டேன், காலையில் ஒரு பிழையும் இல்லை. இப்போது மாரி தொடங்க முன்னும் முடிந்த பின்னும் வருஷத்தில் இரண்டு தடவை இதைச் செய்கிறேன். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், பூச்சு உரிந்துவிடும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்தது. 11க்கு இந்த ஐ3 தகுதி இல்லை. அதனால் வங்கி, மின்னஞ்சல் எல்லாம் போனுக்கு மாற்றிவிட்டு, இதில் இன்டர்நெட் வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன். போட்டோஷொப்பும் பாமினியும் அப்படியே ஓடுகின்றன. கழற்றிய 2 ஜிபி துண்டுகள் இரண்டும் களுவாஞ்சிகுடியில் தங்கச்சி மகனின் பழைய மெஷினில் இருக்கின்றன. அவனுக்கும் ஓர் அழிரப்பர் வாங்கிக் கொடுத்தேன்.