கையால் வெட்டும் எம்.எஃப்.ஐ. கருவி: ரீசைக்கிள் கிரானுல்ஸுக்குப் போதுமா?

எம்.எஃப்.ஐ. என்பது உருகிய பிளாஸ்டிக் 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்ற எண். ரீசைக்கிள் பிபி (பாலிபுரொப்பிலீன்), எச்.டி.பி.இ. (அடர்த்தி மிக்க பாலிஎத்திலீன், அதாவது பி.இ.யில் ஒரு வகை) ஓட்டும் சிறு யூனிட்டுகள் முதலில் வாங்கும் சோதனைக் கருவி, இதை அளந்து இழையைக் கையால் வெட்டும் இந்த மாடல்தான். யாரிடம் வாங்கினாலும் உள்ளே ஒன்றேதான்: 9.55 மி.மீ. உள்விட்டப் பேரல், உருகியது இழையாக வெளியேற 2.095 மி.மீ. துளையுள்ள 8 மி.மீ. நீள டை, பிஸ்டன், எடைக்கற்கள். இந்தச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 1133 சொல்லும் அளவுகள் இவை. விலைக்கேற்ற வித்தியாசம் வெப்பக் கட்டுப்பாட்டிலும் டையின் தரத்திலும்தான் தெரியும்.

பிபிக்கு 230 டிகிரி, பி.இ.க்கு 190, இரண்டுக்கும் 2.16 கிலோ, பிஸ்டன் எடையும் இதில் அடக்கம். ட்ரம் உடைத்த எச்.டி.பி.இ. இந்த எடைக்கு அசையவே அசையாது, 5, 21.6 கிலோ கற்களையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். சூடேறிய பேரலில் 4 முதல் 8 கிராம் வரை, ஒரு நிமிடத்துக்குள், குச்சியால் குத்தி அடைக்க வேண்டும். சும்மா கொட்டினால் காற்று சிக்கி இழையில் குமிழி விழும். அந்தத் துண்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. 5 நிமிடம் விட்டு எடை ஏற்றி, பிஸ்டனில் உள்ள இரு கோடுகளும் பேரல் வாயைக் கடக்கும் இடைவெளியில் மட்டும் இழையை வெட்டுங்கள். துண்டின் கிராமை 600ஆல் பெருக்கி, இரண்டு வெட்டுக்கு இடைப்பட்ட விநாடியால் வகுத்தால் எம்.எஃப்.ஐ.

சறுக்குவது தராசில். 12 எம்.எஃப்.ஐ. பிபியை 10 விநாடிக்கு ஒருமுறை வெட்டினால் துண்டு 0.2 கிராம்தான். 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசில் ஓர் இலக்கம் தவறினாலே 5 சதவீதம் போச்சு. 0.001 கிராம் தராசு இல்லாமல் இந்தக் கருவி வாங்குவது வீண். கை அரை விநாடி தாமதித்தாலும் அதே 5 சதவீதம்தான்; எம்.எஃப்.ஐ. 30க்கு மேல் உள்ள கிரேடுகளுக்கு பிஸ்டன் நகர்வைத் தானே அளக்கும் மாடலே சரி.

டை 0.02 மி.மீ. தேய்ந்தால் ரீடிங் சுமார் 4 சதவீதம் ஏறும், ஏனென்றால் ஓட்டம் துளை ஆரத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. எஃகு டை வேண்டாம், டங்ஸ்டன் கார்பைடு கேளுங்கள். பேரலைச் சூட்டோடு காட்டன் துணியால் துடைக்க வேண்டும், ஆறவிட்டால் ஒட்டிக்கொள்ளும். பி.வி.சி. கலந்த சரக்கு உள்ளே போகவே கூடாது. அதிலிருந்து வரும் அமிலப் புகை பேரலை அரித்துவிடும்.

ஒரே ரகச் சரக்குக்கு இவ்வளவும் பார்த்துக்கொண்டால் கருவி கொடுத்த காசுக்கு உழைக்கும். பிபி–பி.இ. கலவையில்தான் ஏமாற்றும். மறுபடி மறுபடி உருக்கும்போது பிபியின் சங்கிலிகள் அறுந்து எம்.எஃப்.ஐ. ஏறும், எச்.டி.பி.இ.யில் பல ரகங்கள் கிளைத்துப் பிணைந்து இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, கெட்டுப்போன லாட்டும் நல்ல எண்ணைக் காட்டலாம். தவிர, இரண்டும் உருகினாலும் ஒன்றாகக் கரைவதில்லை. இடைப்பட்ட பரப்பு பலவீனமாகவே நிற்கும். பொருள் உடைவது அங்கேதான், அதை எம்.எஃப்.ஐ. காட்டாது.

கருவியில் வெளிவந்த இழையை ஆறவைத்து மடக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்து நார்நாராகவோ அடுக்கடுக்காகவோ பிரிந்தால் கலப்பு என்று சந்தேகிக்கலாம். உறுதிக்கு வெளி லேபில் டி.எஸ்.சி. (சூடாக்கி உருகுநிலை பார்க்கும் சோதனை) கொடுங்கள்: வரைபடத்தில் எச்.டி.பி.இ. 130 டிகிரி அருகிலும், பிபி 160ஐ ஒட்டியும் தனித்தனிச் சிகரமாக நிற்கும். அவர்கள் எடுப்பது 5–10 மில்லிகிராம்தான். அதனால் எக்ஸ்ட்ரூடரில் ஓட்டி உருக்கிக் கலந்த கிரானுலையே அனுப்புங்கள். கழுவிய ஃப்ளேக்கை (அரைத்த செதில்) அனுப்பினால் அந்த ஒரு ஃப்ளேக்கின் ரிப்போர்ட்தான் கைக்கு வரும்.