எண் சொல்லும் கருவியா, படம் காட்டும் கருவியா? படுக்கையருகே சிறுநீர்ப்பை ஸ்கேன்

சிறுநீர் அடைத்து அடிவயிறு கல்லாய் இறுகிக் கிடக்கும் முதியவருக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மூன்று வழிகள் உண்டு. நர்ஸ், எண் மட்டும் காட்டும் பிளாடர் ஸ்கேனரை வைத்து, பையில் எத்தனை மி.லி. சிறுநீர் என்று சொல்லலாம். சிறுநீர்ப்பாதை மருத்துவரான யூராலஜிஸ்ட், படம் காட்டும் கையடக்க அல்ட்ராசவுண்டில் தானே பார்க்கலாம். அல்லது சக்கர நாற்காலியில் ரேடியாலஜிக்கு அனுப்பி வரிசையில் காக்க வைக்கலாம்.

பிளாடர் ஸ்கேனரின் பலம் எளிமை. ஒரு மணி நேரப் பயிற்சி போதும். சிறுநீரை வடிக்கும் குழாயான கத்தீட்டரை எடுத்தபின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்க இதைவிட வசதியானது இல்லை. ஆனால் "தாத்தா, ஒண்ணுக்குப் போயி எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்காமல் வைக்கக்கூடாது. சிறுநீர் கழித்த பத்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். 50 மி.லி.க்குக் கீழே என்றால் கவலையில்லை. வயதானவர்களுக்கு 100 வரை பொறுக்கலாம். 300-ஐத் தாண்டி மாதக்கணக்கில் நீடித்தால் அது நாள்பட்ட தேக்கம்.

அதன் பலவீனம், எது சிறுநீர், எது வேறு நீர் என்று அதற்குத் தெரியாது. கல்லீரல் நோயால் வயிற்றில் கோத்த நீரையும் சினைப்பைக் கட்டியின் நீரையும் சேர்த்தே எண்ணிவிடும். இரத்தக்கட்டி நிரம்பிய பையிலோ குறைவாகக் காட்டும். நோயாளி வலியில் துடிப்பார், திரை '60' என்று சொல்லும். கருப்பை எடுத்த பெண்ணுக்கு, கருப்பை இல்லாததால், கருவியில் 'ஆண்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும் என்பதும் பல வார்டுகளில் மறந்துபோகிறது.

இந்தக் குழப்பமெல்லாம் படம் கண்ணுக்குத் தெரிந்தால் தீரும். அல்ட்ராசவுண்டின் 3.5 மெகாஹெர்ட்ஸ் வளைவு ப்ரோபில் (உடலில் வைக்கும் முனையில்) தாராளமாக ஜெல் தடவி, இடுப்பெலும்பு மேட்டுக்குச் சற்று மேலே வைத்து, கால்பக்கம் சாய்க்கவும். குறுக்காக அகலமும் ஆழமும், 90 பாகை திருப்பி நீளமும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கவும். 10 × 9 × 8 செ.மீ. என்றால் சுமார் 374 மி.லி. இதில் 10 செ.மீ. நீளத்தை 1 செ.மீ. குறைத்து அளந்தாலே 37 மி.லி. குறையும். பெரும்பாலும் தவறுவது, பையின் நடுவைத் தேடாமல் ஓரத்தில் அளப்பதால்தான். கெய்ன் (படத்தின் வெளிச்ச அளவு) கூடிப்போனால் முன்சுவரில் பனிமூட்டம் போலப் படிந்து எல்லை மறையும்.

அதே நெடுக்குப் படத்தில், ஆண்களுக்குப் பையின் அடியில் இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி பைக்குள் எவ்வளவு துருத்துகிறது என்றும் அளக்கலாம். பையில் 100 முதல் 200 மி.லி. இருக்கையில் பார்ப்பது நல்லது. 10 மி.மீ.க்கு மேல் என்றால் கத்தீட்டரை எடுத்தாலும் மறுபடி அடைக்கும் வாய்ப்பு அதிகம். கத்தீட்டரின் பலூனும் தெரியும்: 10 மி.லி. ஊதியது, திரையில் கறுப்பாகத் தெரியும் சிறுநீருக்குள் இரண்டரை செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட வெள்ளை வளையமாக நிற்கும். பையில் நீர் இருந்தும் வளையம் காணவில்லை என்றால் அது சிறுநீர்க்குழாயில் ஊதப்பட்டிருக்கலாம். உடனே பலூனிலுள்ள நீரை இறக்குங்கள்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் படம் காட்டும் கருவிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆற்றில் குளித்த பிள்ளைகளுக்குச் சிறுநீரில் இரத்தம் வந்தால் ஆற்று நீரால் தொற்றும் புழு நோயான பில்ஹார்சியாவை மறக்கக்கூடாது. தடித்த சுவர், உள்ளே துருத்தும் முடிச்சு, சுண்ணாம்புப் படிவு, வீங்கிய சிறுநீரகம் எல்லாம் ப்ரோபுக்குக் கிடைக்கும். எண் கருவிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

சிறுநீரக வீக்கத்தைப் படுக்கையருகே பார்க்கலாம். ஆனால் நிரம்பிய பையோடு பார்த்தால் ஆரோக்கியமான சிறுநீரகமும் லேசாக விரியும். கத்தீட்டர் போட்டுக் காலியானபின் மறுபடி பாருங்கள்.

கல்லுக்கு மட்டும் நிலைமை வேறு. சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் சிறுநீர்நாளத்தின் நடுவில் கிடக்கும் கல்லை அல்ட்ராசவுண்ட் அடிக்கடி தவறவிடும், அதற்கு சி.டி.தான். 2014-இல் வெளியான, கல் இருக்கலாம் என்று சந்தேகித்த 2,759 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், அவசரப் பிரிவு மருத்துவரின் அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களில் 40.7 சதவீதத்தினருக்குப் பிறகு சி.டி. தேவைப்பட்டது. ஆனாலும் ஆபத்தான நோய் தவறிப்போவதில் சி.டி. குழுவோடு குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதலில் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் சி.டி. என்பது தவறான வழியல்ல.

சிறு கிளினிக்கில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வளைவு ப்ரோபுடன் கூடிய கையடக்கக் கருவியைத்தான் வாங்கச் சொல்வோம். மின்வெட்டிலும் பேட்டரியில் ஓடும். ஆல்கஹாலால் துடைத்தால் சில ப்ரோபின் முகப்பில் விரிசல் விழும். தயாரிப்பாளர் சொன்ன திரவத்தை மட்டும் பயன்படுத்துங்கள். எண்ணுடன் படத்தையும், சிறுநீர் கழிக்குமுன்னா பின்னா என்பதையும் கோப்பில் சேருங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போகும் முதியவர் அங்கே மறுபடி ஸ்கேனுக்கு உட்கார வேண்டியிராது.