கிளியின் கழுத்தும் சிக்குக் கோலமும்: தோல் ஷூவில் வரைய எந்தப் பெயிண்ட்?

வெள்ளைத் தோல் ஸ்னீக்கரில் நாமே வரையலாம் என்று இறங்கினால் கைவசம் மூன்று வழி இருக்கிறது: வீட்டில் கிடக்கும் சாதாரண அக்ரிலிக், தோலுக்கென்றே விற்கிற பெயிண்ட், போஸ்கா மாதிரி பெயிண்ட் மார்க்கர். மூன்றிலும் வரைந்து பார்த்தாயிற்று, அதில் ஒரு ஜோடி பாழும் ஆயிற்று.

பாழானது அக்கா மகனுடைய ஷூ. கான்வாஸுக்காக வாங்கிய அக்ரிலிக் மிச்சம் இருந்ததால் அதிலேயே முன்பக்கம் ஒரு பச்சைக்கிளி வரைந்தேன். முடித்த அன்று பார்க்க அவ்வளவு அழகு, நிறமும் நல்ல அடர்த்தி. நாலு நாள் டியூஷனுக்குப் போட்டுக்கொண்டு போனான். விரல் மடங்கும் இடத்தில் குறுக்கே மூன்று வெள்ளை வெடிப்பு, கோடையில் காய்ந்த ஏரி மாதிரி. நகத்தால் லேசாக நெம்பினால் பச்சை செதில் செதிலாக உரிந்து வருகிறது. "சித்தி, கிளிக்குக் கழுத்து போச்சு" என்று வந்து நின்றான்.

அக்ரிலிக் எதுவானாலும் தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக் துகள்கள்தான். தண்ணீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். அந்தப் படலம் எவ்வளவு வளையும் என்பதுதான் கேள்வி. கான்வாஸ் சட்டத்தில் இழுத்து அடித்து வைத்தது, வளைய வேண்டிய அவசியமே இல்லை. ஷூ ஒவ்வொரு அடிக்கும் மடங்கும். ஏஞ்சலஸ் போன்ற தோல் பெயிண்டும் தண்ணீரில் கலந்த அக்ரிலிக்தான், ஆனால் காய்ந்த பிறகும் தோலோடு சேர்ந்து வளைகிற மாதிரி செய்யப்பட்டது. சாதாரண அக்ரிலிக்கில், துணியில் வரைவதற்காகப் பெயிண்டோடு சேர்க்கிற ஃபேப்ரிக் மீடியம் கலந்தால் கொஞ்சம் இளகும், அதுவும் மடங்காத பக்கவாட்டுக்குத்தான் போதும்.

ஆனால் பழி முழுவதையும் அந்தப் பெயிண்ட் மேல் போட முடியாது, நானும் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிருந்தேன். புது ஷூவின் தோல் மேல் தொழிற்சாலையில் பூசிய ஒரு மினுக்குப் பூச்சு இருக்கும், அதைக் கழற்றாமல் எந்த விலையுயர்ந்த பெயிண்டைப் பூசினாலும் பிடிக்காது. பஞ்சில் அசிட்டோனைத் தொட்டு, மினுமினுப்பு போய் மங்கலாகும்வரை துடைக்க வேண்டும். வாசனையும் எண்ணெயும் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கமே போகாமல் செய்யுங்கள். ஷூ உண்மையான தோல்தானா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், ரெக்சின் வகையாக இருந்தால் அசிட்டோன் மேல்பூச்சையே கரைத்துவிடும்.

தோல் பெயிண்டின் குறை விலை. முப்பது மில்லிகூட இல்லாத ஒரு அவுன்ஸ் பாட்டிலுக்கு, நம்மூர் அக்ரிலிக்கை விடப் பல மடங்கு கொடுக்க வேண்டும். இன்னொன்று பொறுமை. முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் தெரியும், பதறிப்போய் தடிமனாகப் பூசினால் மறுபடி கிளியின் கழுத்து கதைதான். தண்ணீர் மாதிரி மெல்லிசாக ஒன்று, காயவிட்டு இன்னொன்று என்று நாலைந்து பூச்சு. மஞ்சளும் வெளிர் நிறங்களும் இன்னும் கேட்கும்.

சரி, மார்க்கர் எதற்கு? கோட்டுக்கு. அடுத்த ஜோடியில் கருநீல அடிநிறத்தின் மேல் சிக்குக் கோலம் போட ஆசைப்பட்டேன். புள்ளியைச் சுற்றி வளைந்து போகிற ஒரே கோடு, எங்கேயும் தடித்துவிடக் கூடாது. தூரிகையில் முயன்றால் ஒவ்வொரு வளைவிலும் வயிறு விழுந்தது. போஸ்காவின் 3எம் முனை ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் எழுதும், அதில் அரிசி மாவை விரலிடுக்கில் விட்ட மாதிரி சீராக வந்தது. கருநீலத்தின் மேல் வெள்ளை ஒரே இழுப்பில் நிற்காது, முதல் கோடு நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேலே இன்னொன்று, அவசரப்பட்டால் முனையே கீழே இருப்பதை வழித்துக்கொண்டு வந்துவிடும். பெரிய பரப்பை மார்க்கரால் நிரப்பவே நிரப்பாதீர்கள், துடைப்பம் போட்ட மாதிரி வரி வரியாகத் தெரியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஸ்பிரிட் வாடை அடிக்கும் பெர்மனென்ட் மார்க்கரை எடுத்துவிடாதீர்கள், மேலே ஃபினிஷர் (வரைந்ததைக் காக்கக் கடைசியில் பூசும் நிறமற்ற பூச்சு) பூசும்போது கசிந்து கலங்கும்.

ஆக இப்போது நான் அடிநிறத்தையும் மடங்கும் இடத்தையும் தோல் பெயிண்டில் பூசுகிறேன், கோடு மார்க்கரில், கடைசியில் எல்லாவற்றுக்கும் மேல் அக்ரிலிக் ஃபினிஷர். சாதாரண அக்ரிலிக் பழைய செருப்பு வாரில் பழகிப் பார்க்க மட்டும். கோலம் போட்ட ஜோடி ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது, விரல் மடிப்பில் சுருக்கம் இருக்கிறது, வெடிப்பு இல்லை.

ரப்பர் ஓரத்தில் மட்டும் மூன்றுமே தோற்றுவிட்டன. படியில் ஒருமுறை உரசினால் போதும், போய்விடுகிறது. அதை வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.