சர்ச் கன்சோல் + ஒரு ஷீட்: மலைப்பூண்டுக் கடைக்கு இது போதுமா?

கொடைக்கானலில் சித்தப்பாவின் மலைப்பூண்டுக் கடை வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எந்தத் தேடுசொல்லுக்கு எந்தப் பக்கம் என்று பிரித்துவைக்க கூகுள் சர்ச் கன்சோலும் (எந்தத் தேடலுக்கு நம் எந்தப் பக்கம் வந்தது என்று காட்டும் கருவி) ஒரு கூகுள் ஷீட்டும்தான். இரண்டும் இலவசம். காசு கட்டும் டூல் எதுவும் இந்த அளவு கடைக்குத் தேவைப்படவில்லை.

சைட் செய்து கொடுத்தவர் ‘கொடைக்கானல் பூண்டு’, ‘மலைப்பூண்டு ஆன்லைன்’, ‘பூம்பாறை பூண்டு’ என்று தலைப்பை மட்டும் மாற்றி ஒரே சரக்குக்குப் பல பக்கம் போட்டிருந்தார். சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் ‘மலைப்பூண்டு விலை’யைத் தட்டி, பக்கங்கள் பகுதிக்குப் போனால் கூத்து தெரியும். ஒரு வாரம் விற்பனைப் பக்கம் மேலே வரும், அடுத்த வாரம் பூம்பாறைப் பக்கம். விலை இருந்ததோ விற்பனைப் பக்கத்தில் மட்டும். “கிலோ என்ன விலைன்னு தினமும் போன் பண்றாங்கப்பா, சைட்ல போடலியா?” என்பார் சித்தப்பா.

ஷீட்டில் மூன்றே பத்தி: தேடுசொல், தேடுபவருக்கு என்ன வேண்டும், பக்க முகவரி. நடுப்பத்திதான் உயிர். விலை, ஆன்லைன், வாங்க எல்லாம் ஒரே ஆள் கேட்பது. ஒரே பக்கம் போதும். விதைப்பூண்டு கேட்பவர் விவசாயி, அவருக்குத் தனிப் பக்கம். கொடைக்கானல் பக்கத்து ஊரான பூம்பாறை என்று தேடுகிறவர்களில் பலர் ஊரையும் குழந்தை வேலப்பர் கோயிலையும் பார்க்க வருகிறவர்கள். அதனால் அந்தப் பக்கத்தை விளைச்சல் பற்றியதாக மாற்றி, விற்பனைப் பக்கத்துக்கு ஒரு இணைப்பு கொடுத்தேன். 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு பற்றிய குறிப்பு எல்லாப் பக்கத்திலும் ஒட்டியிருந்தது. இப்போது பூம்பாறைப் பக்கத்தில் மட்டும். எடுத்துவிட்ட பக்கங்களுக்கு 301 ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது. குறைந்தது ஒரு வருஷமாவது அதை எடுக்காதீர்கள் என்பது கூகுளே சொல்வது.

ஒரு சொல்லுக்கு நம் பக்கங்களே இரண்டு வந்தாலே அவற்றுக்குள் சண்டை என்று பதற வேண்டாம். கடைப் பெயரைத் தேடினால் நாலு பக்கம் வரத்தான் செய்யும், வரட்டும்.

சர்ச் கன்சோலில் குறைகளும் உண்டு. அபூர்வமான தேடல்களை அந்தரங்கம் கருதி மறைத்துவிடுகிறார்கள். சின்னக் கடைக்கு அதிலேயே பாதி போய்விடும், கூட்டுத்தொகை ஒத்துவராது. தேடல் முடிவில் நாம் எத்தனையாவதாக வருகிறோம் என்று காட்டும் சராசரி இடம் என்ற எண்ணை நான் நம்புவதே இல்லை. மலைப்பூண்டு, மலை பூண்டு, ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ் எல்லாம் தனித்தனி வரி. 2021-ல் வந்த, ஒரே வடிவத்தில் பல சொற்களைப் பிடிக்கும் ரெஜெக்ஸ் வடிகட்டியால்தான் மொத்தமாகப் பார்க்க முடிகிறது. 16 மாதத் தரவு இருப்பதால் போன மே சீசனை இந்த மே மாதத்தோடு ஒப்பிடலாம். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விலை கேட்கும் போன் குறைந்து, கூரியர் எப்போது வரும் என்ற போன் கூடியிருக்கிறது. 2024 மே மாதம் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து அதற்கும் ஒரு பக்கம் போடச் சொல்கிறார் சித்தப்பா, நிறையப் பேர் தேடுகிறார்களாம். நடுப்பத்தியில் ‘அரசுத் தளம்’ என்று எழுதிக் காட்டியிருக்கிறேன். இன்னும் சமாதானமாகவில்லை.