விமான இழப்பீடு எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி 48,500 ரூபாவை வாங்கிவிட்டார்கள்: திருமலைக்காரர் கவனம்

நேற்றுப் பின்னேரம் அந்தக் கடைப் படியால் இறங்கினேன், இன்னும் கை நடுங்குகிறது. இரவு நித்திரையும் இல்லை. கடையின் பெயரை எழுதவில்லை. திருகோணமலை நகருக்குள் விமான டிக்கெட் போட்டு, விசா போரம் நிரப்பி, போட்டோக் கொப்பியும் அடித்துத் தரும் சின்னக் கடைகளில் ஒன்று. போனது 48,500 ரூபா. என்னென்ன செய்யக் கூடாது என்று கடைசியில் வரிசையாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. போன வருடம் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவின் பிள்ளையைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது ரொறன்ரோவில் விமானம் மணிக்கணக்காகப் பிந்தியது. பணியாளர் போதவில்லை என்று அறிவித்தார்களாம். இடையில் மாற வேண்டிய விமானமும் போய்விட்டது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது 19 மணித்தியாலம் பிந்திவிட்டது. சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு கொள்ளவில்லை, செருப்பைக் கையில் வைத்திருந்தார். சாப்பாட்டுக்கென்று விமான நிறுவனம் கொடுத்த கூப்பன் அப்படியே இருந்தது. அங்கே மரக்கறிச் சாப்பாடு எது என்று கேட்கத் தெரியாமல், அதை நாலாக மடித்துக் கோணேஸ்வரத்து விபூதிப் பொட்டலத்தோடு கைப்பையில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஹபரணை வழியாகத் திருமலைக்கு இன்னும் ஆறரை மணித்தியாலம் வான் ஓட்டம்.

இரண்டு மாதம் கழித்து, அம்மாவின் கடவுச்சீட்டைக் கொப்பி எடுக்கத்தான் அந்தக் கடைக்குப் போனோம். பேச்சுவாக்கில் அம்மா இந்தக் கதையைச் சொன்னார். கடைக்காரர் எழுந்து மின்விசிறியை அம்மா பக்கம் திருப்பிவிட்டு, சோடா வாங்கிவரப் பொடியனை அனுப்பினார். பிறகு தன் போனில் ஒரு வெள்ளைக்காரர் கனடா நாடாளுமன்றத்தில் எழுந்து பேசும் படத்தைக் காட்டினார். "அக்கா, இவர்தான் புதுச்சட்டம் கொண்டுவந்தவர். விமானம் பிந்தினால் இனி ஆளுக்கு ஆயிரம் கனடா டொலர். அங்கே இருக்கிற லோயர் மூலம் நாங்கள் போட்டால்தான் வரும்."

நான் யோசித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போதுதான் அப்பாவின் பெயரைச் சொன்னார். அப்பா இந்த ஊரில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். "சேரிட்டத்தான் நான் ஓ எல் படிச்சது. சேரின்ட வீட்டாக்களுக்கு நான் பிழை செய்வனா?" அப்பா போய் நாலு வருடம். அவருடைய பெயரை இன்னொருவர் வாயால் கேட்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. லோயர் கட்டணம், மொழிபெயர்ப்பு, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 48,500 ரூபா. அம்மா தன் ஓய்வூதியத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தார். போர்டிங் பாஸ் ஒறிஜினல் இரண்டையும் கொடுத்தோம். கிடைத்தது பதிவிலக்கம் இல்லாத ஒரு துண்டு ரசீது.

அண்ணாவுக்குச் சொல்லவில்லை. இரண்டு வேலை செய்கிற பிள்ளையை இதற்கும் அலைய வைக்க வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டார்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். முதல் மாதம், "போட்டாச்சு அக்கா, பதில் வரும்." அடுத்தது, கனடாவில் லீவு. பிறகு எங்களுக்குப் போயா லீவு. பிறகு, இந்த வேலையைப் பார்த்த பிள்ளை கலியாணம் முடித்துப் போய்விட்டது, பைலைத் தேட வேண்டும். வட்ஸ்அப்பில் நீலச் சரி விழும், பதில் வராது. ஒருமுறை அம்மாவே வெயிலுக்குள் ஓட்டோ பிடித்துப் போனார். உள்ளே ஆள் இருக்கத்தக்கதாக, முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்று பொடியனை விட்டுச் சொல்லவைத்தார்கள். போன முறை சோடா கொடுத்த அதே பொடியன். அம்மா அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், 48,500 ரூபாவை விட அதுதான் அவருக்கு வலி.

போன கிழமை பொறுக்க முடியாமல் அண்ணாவிடம் சொன்னேன். அவர் விமான நிறுவனத்துக்கு எடுத்துக் கேட்டார். அம்மாவின் பெயரில் எந்தக் கோரிக்கையும் வரவில்லையாம். ஒன்றுமே அனுப்பப்படவில்லை! விமானம் பிந்திய நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் நிறுவனத்துக்கு எழுத வேண்டும் என்பது கனடா விதி. அந்த ஒரு வருடம் முடிந்து ஒன்பது நாள்.

பிறகு நானும் அண்ணாவும் போனிலேயே இருந்து இரவிரவாக வாசித்தோம். படத்தில் இருந்தவர் உண்மையான ஆள்தான். டெய்லர் பாக்ராக். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கில் ஸ்மிதர்ஸ் என்ற சின்ன ஊரின் மேயராக இருந்து, 2019 முதல் 2025 வரை புதிய ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 2023 இல் விமானப் பயணிகளுக்காக சி 327 என்ற தனிநபர் சட்டமூலத்தை, அதாவது அரசாங்கம் இல்லாமல் ஒரு எம்பி தனியாக முன்வைக்கும் சட்ட வரைவைக் கொண்டுவந்தார். பாதுகாப்புக் காரணம் என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுவனங்கள் இழப்பீட்டில் இருந்து நழுவும் ஓட்டையை அடைக்கவும், நிரூபிக்கும் பொறுப்பைப் பயணியின் தலையில் இருந்து எடுத்து நிறுவனத்தின் மேல் வைக்கவும் கேட்டது அது. பெரிய நகரங்களுக்கு எட்டாத ஊர்க்காரருக்கு ஒரு விமானம் தவறினால் என்ன பாடு என்று அவர் அப்போது எம்பியாக இருந்த தொகுதிக்குத் தெரியும். கட்டுநாயக்கவில் இருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் எங்களுக்கும் தெரியும். எங்கள் எம்பிமாரும் இதை ஒரு ஊர்ப் பிரச்சினையாக எடுத்துப் பேச வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டமூலம் சட்டமாகவே இல்லை. அரசாங்கம் அதே வருடம் பட்ஜெட் சட்டத்தோடு வேறு திருத்தங்களைக் கொண்டுவந்தது. ஆயிரம் டொலர் என்பது 2019 டிசம்பரில் இருந்தே இருக்கிற விதி. கனடாவுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற விமானங்களுக்கும் அது பொருந்தும். பாதுகாப்புக்காக அல்லாமல், நிறுவனத்தின் கையில் இருந்த காரணத்தால் போய்ச் சேர 9 மணித்தியாலமோ அதற்கு மேலோ பிந்தினால், பெரிய நிறுவனம் 1,000 டொலர் கொடுக்க வேண்டும். 6 முதல் 9 மணித்தியாலத்துக்குள் என்றால் 700, 3 முதல் 6 என்றால் 400. பணியாளர் போதவில்லை என்பது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு என்று 2022 இல் கனடாவின் போக்குவரத்து முகவரகமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கேட்பதற்கு லோயர் தேவையில்லை, பணமும் தேவையில்லை. நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஒரு படிவம். 30 நாளில் சரிவராவிட்டால் முகவரகத்துக்கு முறைப்பாடு, அதுவும் இலவசம். அண்ணா பத்து நிமிடத்தில் செய்திருப்பார். அதற்குத்தான் நாங்கள் 48,500 ரூபா கொடுத்தோம்.

நேற்று இதையெல்லாம் கேட்கத்தான் போனேன். "கனடாக்காரன் ரிஜெக்ட் பண்ணினா நாங்கள் என்ன செய்யிறது?" என்றார். அனுப்பினதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்றேன். குரல் உயர்ந்தது. "சேரின்ட மகளென்று பாத்தா..." என்று தொடங்கினார். போர்டிங் பாஸையும் தரவில்லை.

அப்போது அம்மா இருந்த அதே கதிரையில் கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு வாப்பா இருந்தார். உம்ராவுக்குப் போய் வரும்போது ஜித்தாவில் விமானம் பிந்தியதாம். அவருக்கும் அதே படத்தைக் காட்டியிருக்கிறார்கள்! ஜித்தாவில் இருந்து கொழும்புக்கு வருகிற விமானத்துக்கும் கனடா சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

சரி, வரிசையாக எழுதுகிறேன் என்றேன், இப்போது நிதானமாக எழுத முடியவில்லை. ஒறிஜினல் ஒன்றையும் கொடுக்காதீர்கள், படம் எடுத்து வையுங்கள். சட்டமூலத்தைக் காட்டிச் சட்டம் என்பவரை நம்பாதீர்கள். நிறுவனத்துக்கு நீங்களே எழுதுங்கள், திகதியைக் குறித்து வையுங்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழையுங்கள். நான் இன்று காலை அழைத்துவிட்டேன், நாளை ரசீதோடு பொலிசுக்கும் போகிறேன்.

கிண்ணியாக்காரர் யாராவது இதை வாசித்தால், போன மாதம் மனைவியோடு உம்ரா முடித்து வந்த, வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் குடையும் வைத்திருக்கிற அந்த வாப்பாவுக்கு எப்படியாவது சொல்லுங்கள். நான் வெளியே வரும்போது அவர் காசை எண்ணிக்கொண்டிருந்தார். கதவடியில் நின்று "குடுக்காதீங்க வாப்பா" என்று சொன்னேன், கேட்டதோ தெரியவில்லை.