டேங்கை இறக்காமல் ஃபியூவல் பம்ப் மாற்றினார்கள்: தருமபுரி பட்டறை அனுபவம்

பெட்ரோல் டேங்குக்குள் இருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃபியூவல் பம்பை மாற்ற மொத்தச் செலவு 9,300 ரூபாய். பம்ப் அசெம்பிளி (முழு செட்) 6,200, கூலி 2,600, ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), தகரம், சீலன்ட் என்று சில்லறையாக 500. காலை பத்து மணிக்கு விட்ட வண்டியைச் சாயங்காலம் ஐந்தரைக்கு எடுத்தேன். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை, காரணம் கீழே வரும். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் ரோட்டில் இருக்கும் சின்னப் பட்டறை, இரண்டு வண்டி நிறுத்தினால் மூன்றாவது வண்டி ரோட்டில்தான் நிற்கும்.

வண்டி 2009 மாடல் செடான். ஓசூர் போய்விட்டுத் திரும்பும்போது காரிமங்கலம் தாண்டி நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. வழியில் ஒருவர் பார்த்துவிட்டு நாலு பிளக்கையும் மாற்றி 1,900 வாங்கினார், வண்டியும் கிளம்பியது, நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே கதை. இப்போது யோசித்தால் புரிகிறது, பம்ப் சூடானால் நின்றுவிடும், ஒரு மணி நேரம் ஆறினால் ஓடும், அந்த ஒரு மணி நேரத்தில் யார் எதை மாற்றினாலும் பெயர் அவருக்குத்தான் போகும்.

பென்னாகரம் ரோட்டு அண்ணன் முதலில் செய்தது சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் காதை வைத்ததுதான். நல்ல பம்ப் என்றால் சாவி போட்டதும் இரண்டு வினாடி 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை. ஃபியூஸ் சரி, பம்புக்குக் கரன்ட் விடும் ரிலேவை மாற்றிப் போட்டுப் பார்த்தார், சரி, டெஸ்ட் லாம்ப்பை வைத்தால் கரன்ட்டும் வருகிறது. "பம்புதான் தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்றார். இதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முன்னால் கொடுத்த 1,900 கண்ணில் வந்து போனது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். நிறைய வண்டிகளில் பின் சீட்டைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும், நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் பம்பின் தலை தெரியும். என் வண்டியில் சீட்டைத் தூக்கினால் வெறும் தகரம். டேங்கை இறக்கித்தான் பம்பை எடுக்க வேண்டும், அதற்கு சைலன்சர் பைப்பை அவிழ்க்க வேண்டும், டேங்க் பட்டையின் போல்ட்டெல்லாம் துரு, திருகினால் உடையும். சேலத்தில் விசாரித்தபோது இரண்டு நாள், 15,000க்கு மேல் ஆகும் என்றார்கள். அண்ணன் சொன்னது வேறு: மேலே தகரத்தை வெட்டி வழி பண்ணிவிடலாம்.

எனக்குப் பயம்தான். பெட்ரோல் டேங்குக்கு நேர் மேலே தகரத்தை வெட்டுவது என்றால் யாருக்குத்தான் பயமிருக்காது? கிரைண்டரைக் கொண்டு வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். கிரைண்டரை அன்றைக்கு முழுக்கத் தொடவே இல்லை. முதலில் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தார், நாலு கதவையும் திறந்துவிட்டார், ஈரச் சாக்கு, தீயணைப்பான் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில். டேங்கில் ஏழெட்டு லிட்டர் இருந்தது. காலி பண்ணிவிடலாமே என்றேன், காலி டேங்க்தான் வம்பு, எரிவது ஆவிதானே என்றார். சரியான பேச்சு. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழும், பள்ளத்தில் போய்த் தேங்கும், அதனால்தான் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழியான கிரீஸ் பிட் பக்கமே வண்டியை விடாமல் வாசலில் நிறுத்தி வேலை பார்த்தார்.

எங்கே வெட்டுவது என்று கண்டுபிடித்த விதத்தைத்தான் நான் ரசித்துப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் செல்போனை நீட்டி வீடியோ எடுத்தார், பம்பின் தலை எந்த போல்ட்டிலிருந்து எத்தனை இன்ச் என்று கீழே அளந்து அதையே மேலே வைத்து மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டார். ஒயர் எங்கே போகிறது, பெட்ரோல் டியூப் எங்கே போகிறது என்று தனிக் கோடு. சீட் பெல்ட் போல்ட் பக்கம் போகவில்லை, தகரத்தில் அழுத்தியிருக்கும் வரிகளையும் தொடவில்லை, அதுதான் தரைக்குப் பலம் என்றார். ஏர் டிரில்லில் ஒரு சின்ன பைப் துண்டை மாட்டிக்கொண்டு, பிட் அரை இன்ச்சுக்கு மேல் உள்ளே போகாதபடி ஓட்டை போட்டார். அங்கிருந்து தகரக் கத்தரி. கையாலேயே, கறுக் கறுக்கென்று, ஒன்றரை மணி நேரம். மூன்று பக்கம் வெட்டி நாலாவது பக்கத்தை விட்டுவிட்டு, ஜன்னல் கதவு மாதிரி மடக்கினார்.

உள்ளே பதினாறு வருட மண். அதை அப்படியே வைத்துப் பம்பைத் தூக்கினால் எல்லாம் டேங்குக்குள் விழும், பொறுமையாக ஊதித் துடைத்தார். பம்பை டேங்கோடு இறுக்கிப் பிடித்திருக்கும் ரிங்கை பித்தளைத் துண்டு வைத்துத் தட்டித் திருப்பினார், இரும்பில் இரும்பு பட்டால் பொறி வரும். பம்ப் வெளியே வந்ததும் அடியில் இருந்த வலையைக் காட்டினார், வருடக்கணக்காகக் கழுவாத டீ வடிகட்டித் துணிதான், கறுப்பாக விறைத்திருந்தது. கனெக்டரில் ஒரு முனை பழுப்பாக உருகியிருந்தது, அதையும் மாற்றினார். மோட்டார் மட்டும் தனியாகப் போட்டால் 2,000க்குள் முடியும் என்ற வழியையும் அவரே சொன்னார், நான்தான் முழு செட் கேட்டேன். பழைய ஓ-ரிங்கை மட்டும் திரும்பப் போடவே மாட்டேன் என்றுவிட்டார். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், என் வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததில்லை.

எல்லாம் மாட்டி பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தால் பெட்ரோல் அழுத்தம் 3 பார் காட்டியது, வண்டியை அணைத்த பிறகும் முள் இறங்கவில்லை. வெட்டிய விளிம்புக்குத் துருப்பிடிக்காமல் ரெட் ஆக்சைடு பெயின்ட், மடக்கிய தகரத்தைத் திரும்ப இறக்கி, மேலே சுற்றிலும் முக்கால் இன்ச் கூடுதலாக ஒரு தகடு, சீலன்ட், பன்னிரண்டு ஸ்க்ரூ. சீட்டைப் போட்டால் ஒன்றுமே தெரியாது.

இனி குறை. மூன்றாம் நாள் சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி நன்றாக இழுத்தது, முன்பு அங்கேதான் மூச்சு வாங்கும். ஆனால் உள்ளே பெட்ரோல் வாடை. அம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. நேராகப் பட்டறைக்கு விட்டேன். தகட்டைத் திறந்தால் ஒரு டியூபின் கிளிப் முழுதாக உட்காரவில்லை, சுற்றி ஈரம். இது சின்ன விஷயமில்லை, வண்டிக்குள் யாராவது பீடி பற்றவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் சாக்கு எதுவும் சொல்லவில்லை, முகம் செத்துவிட்டது, கிளிப்பைப் புதிதாகப் போட்டு, வண்டியை அரை மணி நேரம் ஓடவிட்டு, டிஷ்யூ பேப்பரால் துடைத்துத் துடைத்துக் காட்டினார். காசு வாங்கவில்லை. இந்தக் கிளிப்புக்காகத்தான் பட்டறை பெயரைப் போடவில்லை, நல்ல கை, ஒரு தப்பு, அதை வைத்து ஊரெல்லாம் பேச வேண்டாம். ஆனால் இதே தப்பு டேங்கை இறக்கிச் செய்த வேலையில் நடந்திருந்தால் மறுபடி டேங்கை இறக்கியிருக்க வேண்டும், இங்கே சீட்டைத் தூக்கிப் பன்னிரண்டு ஸ்க்ரூவைக் கழற்றியதும் பத்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்தது.

ஐந்துக்கு மூன்றரை. அந்தக் கிளிப் இல்லையென்றால் நாலரை கொடுத்திருப்பேன்.

வெட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று: சீலன்ட் காய ஒரு இரவாவது விடச் சொல்லுங்கள், நான் அவசரப்பட்டு அன்றைக்கே எடுத்துவிட்டேன். வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லியும் விடுங்கள், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோக்களை ஆர்.சி. கவரிலேயே வைத்திருக்கிறேன். ரிசர்வ் முள்ளிலேயே ஓட்டும் பழக்கத்தையும் விட்டாயிற்று, பம்பைக் குளிர வைப்பது சுற்றியிருக்கும் பெட்ரோல்தானாம், எனக்கு இது 9,300 ரூபாய்க்குத் தெரிந்தது. அப்புறம், அமாவாசையன்று பட்டறை லீவு.